சூட்டோடு மடித்த துண்டுகள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை, உன்மேல் அவ்வளவு கோபம். போன வாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இனிமே வராதே. வக்கீலையும் விட்டுடு. போய் உன் பொழப்பைப் பாரு" என்று சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்து போனாயே, அதற்காகத்தான். இரண்டு ரயில் மாறி, சல்லடை போட்டுத் தேடும் அந்தச் சோதனையெல்லாம் தாண்டி வந்தவளிடம் பேசுகிற பேச்சா அது? திரும்பி வரும்போது ரயிலில் எதிரே இருந்த அம்மாள் எனக்குப் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தாள். அப்படி இருந்தது என் முகம்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆனதோடு எல்லாம் முடிந்தது என்று நீயே தீர்ப்பு எழுதாதே. நம் தும்மல் வக்கீல் (கேஸ் கட்டைப் பிரித்தாலே தும்முவார், தூசி ஆகாது, பாவம்) சொல்கிறார்: புதிதாக ஒரு ஆதாரம், ஒன்றே ஒன்று, கிடைத்தால் வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி மனுப் போடலாம்.

நான் தினமும் முழுக் கதையையும் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், எங்காவது ஓட்டை தெரியாதா என்று. சலவைக் கடையைக் கடைசியாகப் பூட்டியவள் நீ. அன்று மத்தியானம் முதலாளியிடம் சண்டை போட்டு, "இந்தக் கடை எரிஞ்சு சாம்பலாப் போக!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியவளும் நீ. அன்று ராத்திரியே கடை எரிந்தது. பின்னறையில் படுத்திருந்த காவலாளி அண்ணன் புகையிலேயே போய்விட்டார். தரையில் இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தீ பிடித்த தடம், அதனால் யாரோ பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்றார் நிபுணர். யாரோ என்ன யாரோ, நீதான் என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது கேள். நேற்று எங்கள் பார்லரில், மத்தியானம் துவைத்து டிரையரில் உலர்த்தி அடுக்கிய மசாஜ் துண்டுகளில் நடுவிலிருந்து ஒன்றைச் சாயங்காலம் உருவினேன். கை சுட்டது. வெதுவெதுப்பு இல்லை அக்கா, சுட்டது. மேலே இருந்த துண்டு ஆறிக் கிடக்கிறது, நடுவில் இருப்பது அடுப்பிலிருந்து இறக்கினது மாதிரி. மோந்து பார்த்தால் சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம். ஓரத்தில் டீ சிந்தினது போல ஒரு பழுப்பு. கூட வேலை செய்கிறவள், "துண்டுக்குக் காய்ச்சல்டி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை விட்டு வெளியே வந்து இத்தனை நேரம் கழித்துச் சூடு எங்கிருந்து வருகிறது?

உங்கள் கடைக்கும் மசாஜ் சென்டர் துண்டுகள்தானே மூட்டை மூட்டையாக வரும்? அன்று கடைசியாக என்ன மடித்தாய், எப்படி மடித்தாய், எங்கே வைத்தாய்? ஒன்று விடாமல் எழுது. திட்டுவதைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்துக்கொள்.

உன் தங்கை

ஜனவரி 21

அடியே வாலு,

திட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள நீ என்ன எனக்கு அதிகாரியா? முதலிலேயே வாங்கிக்கொள். நீ என்னைப் பார்க்க வருவதற்கென்றே லீவு எடுத்து எடுத்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறாய். உன்னைப் பெண் கேட்டு வந்த அந்த நல்ல மனிதரை, "அக்கா வெளிய வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறாயாம். உன் மாமா எழுதியிருந்தார். நான் உள்ளே இருப்பது போதாதா, நீயும் வெளியே ஒரு சிறையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? அதனால்தான் வராதே என்றேன். எழுந்து போனது, இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் உன் எதிரிலேயே அழுதுவிடுவேன் என்பதால். போதுமா?

உன் மாமாவிடம் சொல், சிவப்புச் சட்டையை வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊற வைக்க வேண்டாம் என்று. போன முறை இளஞ்சிவப்புப் பனியனோடு வந்து நின்றார். ஒரு சலவைக்காரியின் புருஷன் நிற்கிற கோலமா அது?

அந்தச் சாபம் பற்றி இன்னும் எத்தனை பேர் கேட்பார்களோ. நான் வாயைத் திறந்தால் அப்படித்தான் வரும். இஸ்திரிப் பெட்டியை நாசமாய்ப் போ என்றிருக்கிறேன், மழையைத் தொலைந்து போ என்றிருக்கிறேன், உன் மாமாவைச் சொல்லாத நாளே இல்லை. அவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். அன்று முதலாளி சுவர் ஓரத்து அலமாரிகளைக் கழற்றி விற்றுவிட்டார், துணியைத் தரைப் பலகையில் குவி என்றார். சுத்தமாகத் துவைத்ததைத் தரையில் வைக்கச் சொன்னால் எவளுக்குத்தான் வயிறு எரியாது?

மடிப்பைப் பற்றிக் கேட்டாய். இதைக் கேட்க உனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது பார். துண்டை டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு மடிக்க வேண்டும். ஆற விட்டால் அது விறைத்துக்கொண்டு நம்மோடு சண்டைக்கு வரும். சூட்டில் மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, காற்றுப் போகாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டே போனால் இஸ்திரி போட்ட மாதிரி நிற்கும். கடைசியில் தூசி படாமல் ஒரு போர்வையால் இறுக்கிச் சுற்றிவிடுவேன். சென்டர்காரர்களே, "உங்க கை மடிப்பு வேணும்" என்று கேட்டு வாங்குவார்கள். அன்று சென்டர் துண்டுகள் நிறைய. சுவர் ஓரமாக என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு அடுக்கு வைத்துவிட்டுத்தான் பூட்டினேன். இது போதுமா? இதில் என்ன ஆதாரம் இருக்கிறதோ, உனக்கே வெளிச்சம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா! அக்கா! அக்கா!

இரண்டு அடுக்கு என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நடு பார்லரில் கூவிவிட்டேன். நாற்காலியில் இருந்த அம்மாளுக்கு ஒரு பக்கப் புருவம் கொஞ்சம் கூடவே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நம் வக்கீல் ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார். தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தீ எப்படிப் பிடிக்கிறது என்று கல்லூரியில் பாடம் எடுக்கிறார். நான் புகை சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஓர் அறை முழுக்கக் கருகிய நாற்காலி, உருகிய ஃபேன், பாதி எரிந்த கதவு. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து முறுக்கிய மீசையோடு நிம்மதியாக டீ குடிக்கிறார். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை அந்தக் கோர்ட்டுல யாருமே கேக்கலையாம்மா?" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எத்தனை துவைத்தாலும் பருத்தித் துண்டிலிருந்து எண்ணெய் முழுக்கப் போகாது. அந்த மிச்ச எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து இன்னும் சூட்டைக் கிளப்பும். துண்டை விரித்துப் போட்டால் சூடு வெளியே போய்விடும். இறுக்கி அடுக்கி மூடிவிட்டால் எங்கே போகும்? உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். மணிக்கணக்கில் ஏறி, நடுவில் கரிந்து, பிறகு தானாகவே தீ. தீக்குச்சி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ஆளே வேண்டாம். இரண்டு அடுக்கு, அதனால் இரண்டு தடம்!

யாருமே கொளுத்தவில்லை அக்கா. குற்றமே நடக்கவில்லை. நடக்காத குற்றத்துக்கு உன்னை உள்ளே வைத்திருக்கிறார்கள். ரோட்டில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இதோடு வக்கீல் எழுதிய வாக்குமூலம் வருகிறது. எப்படி மடித்தாய், எப்படி அடுக்கினாய் என்று நீ எழுதியதுதான். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. மாமா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றாலும் கேட்கவில்லை.

தங்கை

பிப்ரவரி 18

தங்கைக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன். காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீ சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். துண்டை மடித்தது யார்? அழுத்தி அடுக்கியது யார்? போர்வையால் சுற்றியது யார்? அந்த அண்ணனுக்கு, "நான் கிளம்பறேண்ணா" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டியது யார்?

இங்கே வந்த நாளிலிருந்து ஒரே ஒரு நினைப்பில்தான் தூங்கி எழுந்தேன். உலகமே என்ன சொன்னாலும் என் கை சுத்தம், அந்த மனிதரின் சாவுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்துப் பாயில் இருக்கிறவள், "நீ எப்படி இவ்வளவு நிம்மதியா குறட்டை விடற?" என்பாள். அதனால்தான் விட்டேன். இப்போது உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. செய்யாததற்கு உள்ளே இருந்தேன், தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

என் கையால்தான் அவர் செத்தார் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, அதையே காட்டி வீட்டுக்குப் போக வேண்டுமா? எந்த முகத்தோடு போவேன்? உன் மாமாவைச் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்தச் சொல்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியது முழுக்க வசவு. நீ வளர்த்த பிள்ளை அல்லவா, வசவு நன்றாகவே வருகிறது. அடுத்தது கெஞ்சல். அதுவும் பிடிக்கவில்லை. "நீ வேணும்னா செஞ்ச? உனக்குத் தெரியுமா?" என்று வக்கீல் சொல்லச் சொன்னதையெல்லாம் நீயே உனக்குச் சொல்லிப் பார்த்திருப்பாய்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், எனவே கேட்கவில்லை. காவலாளி அண்ணனின் மனைவியைப் போய்ப் பார்த்தேன்.

தீர்ப்பு நாளில் உன்னைப் பார்த்து மண்ணை வாரி இறைத்தார்களே, அவர்கள்தான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. வாசலில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "என்ன வேணும் உனக்கு? மன்னிப்பா? அதெல்லாம் இல்ல, போ" என்றார்கள். "மன்னிப்புக் கேட்க வரலைங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்தேன். கேட்டுட்டுத் துரத்துங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ மடித்ததையும் மறைக்கவில்லை. அவர்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்று கேட்டார்கள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். கடைசியில் என்ன கேட்டார்கள் தெரியுமா?

"அப்போ அவரை யாரும் கொளுத்தலையா?"

"இல்லைங்க."

"அவர் உள்ள இருக்கறது தெரிஞ்சும் யாரும் தீ வைக்கலையா?"

"யாருமே தீ வைக்கலைங்க."

அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள் அக்கா. "ஒரு எறும்பை மிதிக்காத மனுஷன். அவர் மேல அப்படி என்ன வன்மம், உயிரோட கொளுத்தற அளவுக்கு என்ன செஞ்சாருன்னு நான் கேக்காத நாள் இல்ல. என் பிள்ளைங்க கேக்கும், எனக்குப் பதில் தெரியாது" என்று அழுதார்கள். நானும் அழுதேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இரண்டு பேரும் அழுதோம்.

கிளம்பும்போது சொன்னார்கள்: "உங்க அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல்லு. அவங்க வெளிய வர்றாங்களோ இல்லையோ, அது அவங்க பாடு. என் புருஷன் எப்படிச் செத்தாருன்னு கோர்ட்டு எனக்குத் தப்பாச் சொல்லியிருக்கு. அதைத் திருத்தித் தரச் சொல்லு."

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. காகிதத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

தங்கை

மார்ச் 24

வாலு,

போட்டுவிட்டேன். வக்கீல் எழுதியது பிடிக்கவில்லை, அதைக் கிழித்துவிட்டு நானே எழுதினேன். "துணிகள் அடுக்கப்பட்டிருந்தன" என்று எழுதியிருக்கிறார். தானாகவா போய் அடுக்கிக்கொண்டன? "நான் மடித்தேன், நான் அழுத்தினேன், நான் சுற்றினேன், இதனால் தீ வரும் என்று எனக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறேன். எழுதி முடித்த அன்று ராத்திரி குறட்டை விட்டேனாம், பக்கத்துப் பாய்க்காரி சொன்னாள்.

அண்ணனின் மனைவி அப்படிக் கேட்டதை நூறு தரம் படித்துவிட்டேன். என் கஷ்டத்தையே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேனடி. அவர்கள் இத்தனை காலம் எதைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. இங்கே சலவைப் பகுதியில் சமையலறைத் துணிகளை நாங்கள் இதே மாதிரிதான் சூட்டோடு மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம்! நானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த மடிப்பு. மேற்பார்வை அம்மாவிடம் போய், இனி விரித்து ஆற வைத்துத்தான் மடிக்க வேண்டும் என்றேன். "உன் கேஸுக்கு இங்க ரிகர்சல் பாக்கறியா?" என்று சிரித்தாள். நேராக அடுக்கின் நடுவில் அவள் கையைப் பிடித்து நுழைத்தேன். அதற்குத் தண்டனை தந்திருக்கலாம். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "எல்லாத்தையும் பிரிச்சுக் கொடியில போடுங்க" என்று கத்தினாள். இப்போது இங்கே எல்லாத் துணியும் சுருங்கிப்போய்க் கேவலமாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

மாமா சுண்ணாம்பை முடிக்கட்டும்.

அக்கா

ஜூன் 2

அக்கா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உளறிவிடுவேன்.

துண்டு தானாகத் தீப்பிடிப்பதைச் செய்து காட்டுங்கள் என்று கோர்ட் சொல்லிவிட்டது அல்லவா? கல்லூரி மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். கோர்ட் அனுப்பிய ஆள், அரசு வக்கீல், அன்று பெட்ரோல் என்று சாட்சி சொன்ன அதே நிபுணர், எல்லோரும் நாற்காலியில். புகை சாரின் மாணவர்கள் எண்ணெய்த் துண்டுகளை மெஷினில் போட்டு எடுத்து மடித்து அடுக்கினார்கள். காத்திருந்தோம். காத்திருந்தோம். பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். கம்பியை நுழைத்துச் சூடு பார்த்தால் ஆறிக்கொண்டே வருகிறது. நிபுணர் கொட்டாவி விட்டார். நம் வக்கீல் தூசியே இல்லாத இடத்தில் ஏழெட்டுத் தும்மல் போட்டார்.

புகை சார் மட்டும் அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க அக்கா மடிப்பு இதுதானா?" என்றார். அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். ஐயோ அக்கா, அது மடிப்பா! ஹாஸ்டல் பையன்கள் பெட்டியில் திணிக்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பூனை போய் வரலாம். நாளைக்கு மறுபடி செய்ய அனுமதி கேட்டார் சார். அரசு வக்கீல் முனகினார், கோர்ட் ஆள் சரி என்றார்.

மறுநாள் நான்தான் மடித்தேன், உன் மடிப்பு. கை பொரிந்தது. வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை, துண்டு ஆறிவிடுமோ என்று பயம். திடீரென்று எதிர்ப்பக்கம் வேறு இரண்டு கைகள் துண்டின் முனையைப் பிடித்தன. நிமிர்ந்தால், காவலாளி அண்ணனின் மனைவி. அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. "சொல்லு, எப்படி அழுத்தணும்?" என்றார்கள். இரண்டு பேருமாக மடித்தோம். போர்வையைச் சுற்றியதும் அவர்கள்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு நாற்றம் வந்தது. அப்புறம் போர்வையின் மேலே மெல்லிசாக ஒரு புகை. நிபுணர் நாற்காலியிலிருந்து எழுந்தார். போர்வையில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்து, அது அகலமாகி, அதன் நடுவிலிருந்து நெருப்பு எட்டிப் பார்த்தது. ஒரு ஆளும் பக்கத்தில் இல்லை, அக்கா. எல்லோரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம்.

எல்லோரும் தீயைப் பார்த்தார்கள். நான் அண்ணனின் மனைவியைப் பார்த்தேன். "இப்படித்தானா" என்றார்கள், அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நெருப்பை அணைத்து முடிக்கிற வரைக்கும் விடவில்லை.

நிபுணர் போகும்போது நம் வக்கீலிடம், "என் அறிக்கையைத் திருத்தித் தர்றேன்" என்றார். பெரிய மனசுதான். அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி உன்னை வெளியே கொண்டுவராமல் விட மாட்டேன். பெண் கேட்டவரிடம் நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன். நீ இல்லாமல் நடக்காது, அதனால் கோர்ட் சீக்கிரம் எழுதித்தான் ஆக வேண்டும்.

தங்கை

ஆகஸ்ட் 19

வாலு,

நீ ஊருக்குத் திரும்பிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் மாமா இன்னும் நான் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருகிறார், காணாமல் போய்விடுவேனோ என்று. "ஏன்யா வால் மாதிரி வர்றீங்க?" என்றேன். "உன் வாய் திறந்திருக்கான்னு பாக்கறேன்" என்றார். சிறை வாசலில் என்னைப் பார்த்ததும் பேச்சே வராமல் நின்ற மனிதர், இப்போது நக்கல் வேறு.

தீர்ப்பு நகலை அலமாரியில் வைத்திருக்கிறேன். "குற்றம் நடந்ததாகவே கொள்ள இயலாது" என்ற வரியை மாமா ராகம் போட்டுப் படிக்கிறார். நான் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. நேற்றுப் போனேன்.

தனியாகத்தான் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். காவலாளி அண்ணன் வீட்டு வாசலில் நின்றதும் திரும்பிவிடலாம் என்று ஒரு கால் பின்னால் வைத்துவிட்டேன். அதற்குள் அவர் மனைவி பார்த்துவிட்டாள். "வெளியவே நின்னா எப்படி? உள்ள வாங்க" என்றாள்.

உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். "என்னாலதாம்மா" என்று ஆரம்பிக்கும்போதே அழுதுவிட்டேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது பேப்பர்ல இருக்கு, படிச்சுட்டேன். நீங்களே எழுதினது. அலமாரியைக் கழட்டின முதலாளி இந்த வாசலை மிதிக்கலை. தப்பாச் சொன்ன நிபுணர் மிதிக்கலை. வந்தது நீங்க ஒருத்தர்தான். அழாதீங்க, எனக்கு வேற ஒண்ணு கேக்கணும்."

என்ன என்றேன்.

"தினம் சாயங்காலம் அவர் வேலைக்கு வர்ற நேரம் நீங்க அங்க இருப்பீங்க இல்ல? எங்கிட்ட வேலையைப் பத்தி ஒண்ணும் பேச மாட்டார். அங்க எப்படி இருப்பார்? சொல்லுங்க."

அது யாருமே என்னிடம் கேட்காத கேள்வி. சொன்னேன். வந்ததும் செருப்பை ஜோடியாக வைப்பார். கடைப் பூனைக்கு வணக்கம் சொல்வார். குளிர் நாளில் என்னிடம் ஒரு சூட்டுத் துண்டு வாங்கி முட்டியில் சுற்றிக்கொண்டு, "முதலாளிகிட்ட சொல்லிடாதே, துண்டுக்கு வாடகை போட்டுடுவான்" என்பார்.

"முட்டியா? அவருக்கு முட்டி வலியா?" என்றாள்.

"ரொம்ப நாளா இருந்துச்சே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுஷன்! மாடிப்படி ஏறி ஏறித் தண்ணி கொண்டுவந்தாரே!" என்று கோபமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளிவிடவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்று கிளம்பினேன். வாசல்வரை வந்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. பசங்க இருப்பாங்க. அவங்கப்பாவைப் பத்தி அவங்களுக்கும் சொல்லுங்க" என்றாள்.

போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா